கிழக்குப் பார்த்து வைத்த கன்

ஆயுத பூசைக்கு மறுநாள், உச்சி வேளையில், பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னைத் திட்டினார்.

"ஏத்தா, பூசை போட்டு வச்ச கருவிய இன்னிக்குத் தொடலாமா? வீட்டுல கேக்க ஆளில்லைன்னா எது வேணும்னாலும் செய்வீகளா?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்று கோபம் வந்தது. திட்டுவதற்கென்றே இந்த வெயிலில் மெனக்கெட்டு நடந்து வந்திருக்கிறாரே மனிதர் என்று நினைத்தேன்.

"யாரு தொட்டா? ஷெட்டு பூட்டிக் கெடக்கு. நாங்க ரெண்டு பேரும் இங்கன வீட்டுலதான் இருக்கோம்," என்றேன்.

"பூட்டிக் கெடக்கா? அப்ப உள்ள ஆணி அடிக்கிறது யாரு? நான் பந்தலுக்குள்ள நின்னு அரை மணியாக் கேக்குறேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். திட்டியதைவிட அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க அண்ணன் அடிக்கிற மாதிரியே இருக்குத்தா. ரெண்டு. கொஞ்சம் நிப்பாட்டி ஒண்ணு."

அண்ணன் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடுப்படியில் பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றுபோனது. மதினி கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

ஓடைப்பட்டியில் எங்களுக்கு ஒரு பெட்டி ஷெட் இருக்கிறது. கேரளாவுக்குப் போகும் திராட்சைக்கும் தக்காளிக்கும் மரப்பெட்டி அடித்துக் கொடுக்கிறோம். பிளாஸ்டிக் டிரே எத்தனை வந்தாலும், மரப்பெட்டிதான் வேண்டும் என்கிற வியாபாரி கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அண்ணன் ஆணி அடிப்பார், நான் பலகையைச் சட்டத்தில் பொருத்திக் கொடுப்பேன், மதினி அடித்த பெட்டியை அடுக்குவாள். அண்ணன் மனைவி என்பதால் முறைக்கு மதினி. வயது எங்கள் இருவருக்கும் ஒன்று, பழக்கத்தில் வாடி போடிதான். அவர்களுக்குப் பிள்ளையில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தது, ஒத்துவரவில்லை, அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் சுத்தியல்தான் வைத்திருந்தோம். பிறகு அண்ணன் காற்றின் விசையில் ஆணி அடிக்கும் கன் ஒன்றை வாங்கினார். ஷெட்டுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் கம்ப்ரசர் இருக்கிறது. அது டேங்கில் காற்றை அடைத்து வைக்கும், அங்கிருந்து ஹோஸ் என்கிற ரப்பர்க் குழாய் வழியாகக் கன்னுக்கு வரும். கன்னின் முனையில் ஓர் இரும்பு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பலகையில் வைத்து அழுத்தினால் அந்த மூக்கு உள்ளே போகும். மூக்கும் உள்ளே போக வேண்டும், டிரிகரும் இழுபட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஆணி பாயும். கை தவறி ஆளைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அண்ணன் நிதானமானவர். பெட்டியின் மூலைக்கு இரண்டு ஆணி அடிப்பார். பெட்டியைத் திருப்பி, பலகை நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் ஒன்று. டக் டக். டக். நாள் முழுக்க அப்படித்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, மூன்றையும் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளிவிடுவேன்.

கண்ணுக்குக் காப்பாகக் கண்ணாடி போடாமல் அவர் கன்னைத் தொட்டதில்லை. சாப்பிடப் போகும்போதும் சரி, ஆணி சிக்கி அதை எடுக்கும்போதும் சரி, முதலில் ஹோஸைக் கழற்றிக் கதவோரத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் மற்றது. "ஹோஸு கொக்கியில தொங்கணும். அப்பத்தான் அது வெறும் இரும்பு. கரண்ட அமத்திட்டோம்னு நம்பக் கூடாது, டேங்குல காத்து இருக்கும்," என்பார். "விளக்குப் பொருத்துற மாதிரில பயபக்தியா ஹோஸ மாட்டுறீக," என்று நான் கிண்டல் செய்வேன். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேனிக்குக் காரில் கொண்டுபோனோம். வீரபாண்டி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று ஷெட்டைப் பூட்டப் போனபோது ஹோஸ் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு கன்னை நான் பிடித்தேன். பலகை வைக்க ஓர் ஆள் போட்டோம். மதினி வேலை எதையும் தொடவில்லை. கதவுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "உன் அடி வேறடி," என்பாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். ஒருநாள், "எனக்கு இங்கன என்ன இருக்கு? அவுக கூப்புட்டா எந்திரிச்சுப் போயிருவேன்," என்று சொன்னாள். பஸ் வந்தால் ஏறிவிடுவேன் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவளைத் தனியாக எங்கேயும் விட்டதில்லை. கிணற்றடிக்குப் போனால்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய் நிற்பேன். அவளுக்கும் அது தெரியும்.

அந்த வருடப் பூசையை நான் தடபுடலாகச் செய்ததும் அவளுக்காகத்தான். முந்தின வருடம் துக்கம் என்று பூசை போடவில்லை. இந்த வருடமாவது வீட்டில் நல்லது எதுவும் நடக்காதா என்று இருந்தது.

சாமிக்கு முன்னால் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். குடத்தில் தண்ணீர் தளும்பத் தளும்ப இருக்க வேண்டும். படியில் அரிசி தலைதட்டி இருக்க வேண்டும். அதே புத்தியில் கன்னுக்குள் புது ஆணிச் சுருளைப் போட்டு நிறைத்தேன். கருவியை வெறும் இரும்பாகவா வைப்பது என்று ஹோஸைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கன்னில் மாட்டினேன். கம்ப்ரசரை ஓடவிட்டு டேங்கையும் நிறைத்தேன். கெட்டியாகச் சந்தனம் குழைத்து மூக்கு முழுவதும் பூசிக் குங்குமம் வைத்தேன். வாழைநாரில் கட்டிய ஈரச் செவ்வந்தி மாலையைக் கைப்பிடியோடும் டிரிகரோடும் சேர்த்துச் சுற்றி, நழுவாமல் இறுக்கிக் கட்டினேன். இடுப்பு உயர வேலைப் பலகையில் இலையை விரித்து, ரம்பத்துக்கும் சுத்தியலுக்கும் நடுவில் மூக்கு நிமிரும்படி முட்டுக்கொடுத்து, முறைப்படி கிழக்குப் பார்க்க வைத்தேன். ஷெட்டின் கதவு கிழக்கில்தான் இருக்கிறது. சாமி படத்துக்கு மேலே சிவப்பு பல்பு அணையாமல் எரியட்டும் என்று மெயின் சுவிட்சையும் அமத்தவில்லை. கம்ப்ரசரும் அதே மெயினில்தான் ஓடுகிறது.

இதெல்லாம் தெரியாத பெண் இல்லை நான். தினமும் அந்தக் கன்னைப் பிடிக்கிறவள். ஆனால் பொட்டு வைத்தபிறகு அது என் கண்ணுக்குக் கன்னாகவே தெரியவில்லை. எங்கள் பக்கம் பூசை போட்டால் மறுநாள் சாயங்காலம் வரை கருவியை யாரும் தொட மாட்டோம், அதனால் அதைப் பற்றி மறுபடி நினைக்கவும் இல்லை.

தோட்டக்காரர் வந்து சொன்னது அந்த மறுநாள்தான்.

"அணிலா இருக்கும். பொரி கடலை வச்சிருக்கேன்ல," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதினி அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் சாம்பலும் சோப்பும் வழிந்துகொண்டிருந்தன. எங்கள் இருவரையும் பார்க்காமல் நேரே அண்ணன் படத்துக்குப் போனாள். படத்துக்குக் கீழே ஆணியில் அண்ணனின் ஷெட் சாவி தொங்கும். இரண்டு வருடமாக அதை யாரும் எடுத்ததில்லை. அவள் எடுத்தாள். செருப்புப் போடாமல் வாசலைத் தாண்டி இறங்கிப் போனாள்.

"மதினி, எங்க போற?"

"அவுக வேலை செய்றாக," என்றாள். இரண்டு வருடத்தில் அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை.

செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அவள் தெருமுனை தாண்டிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஷெட் ஐந்து நிமிட நடை. இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், நடுவில் வண்டித்தடம். விடுமுறை என்பதால் ஓர் ஆள் இல்லை. மருந்து அடிக்கும் மோட்டார் இல்லை, டிராக்டர் இல்லை. மற்ற நாளில் அங்கே ஏதாவது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அன்று என் மூச்சு எனக்கே கேட்டது. பந்தலுக்கு அடியில் கட்டம் கட்டமாக விழுந்திருந்த வெயில்கூட அசையவில்லை.

பாதி வழியில் எனக்கும் கேட்டது. டக் டக். நின்றுவிட்டேன். நான் எண்ணக் கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் எண்ணினேன். பெட்டியைத் திருப்பும் நேரம். பலகையைப் பார்க்கும் நேரம். டக்.

நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. காணாமல்போன பொருளை எங்கே வைத்தாய் என்று சாமியிடமே சண்டை போடுகிறவள். அன்று பட்டப்பகலில், தெரிந்த தடத்தில் நின்றுகொண்டு, "அண்ணே" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம் நானும் நம்பிவிட்டேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அப்போது ஷெட்டுக்குப் பின்னால் கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்தது. ஆளில்லாத அந்தச் சாய்ப்பில், யாரும் சுவிட்சைத் தொடாமல், தடதடவென்று தகரம் அதிர அது ஓடியது. எனக்குப் பயம் போய்ப் புத்தி வந்தது அந்தச் சத்தத்தில்தான். டேங்கில் காற்று குறைந்தால் அது தானாகக் காற்று பிடிக்கும். காற்று குறைகிறது என்றால் உள்ளே நிஜமாகவே கன் அடிக்கிறது. ஹோஸ் கொக்கியில் இல்லை. ஆணி நிறைய இருக்கிறது. கன் கிழக்குப் பார்த்து இருக்கிறது. மதினி கிழக்குக் கதவைத் திறக்கப் போகிறாள்.

நான் அப்படி ஓடியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. போய்ச் சேரும்போது அவள் பூட்டில் சாவியை நுழைத்துவிட்டாள். இரண்டு வருடம் திறக்காத சாவி என்பதால் திரும்பவில்லை, திருகிக்கொண்டிருந்தாள்.

"தள்ளு மதினி! கதவுக்கு நேரா நிக்காத!"

உள்ளே டக் என்றது. அதே நொடியில் கதவில் தட் என்று ஓர் அடி விழுந்தது. நிலையிலிருந்து புழுதி உதிர்ந்தது. மதினி திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"கதவத் தட்டுறாகடி," என்றாள்.

அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் சுவரோரம் போய் விழுந்தோம். முழங்கை தோல் உரிந்தது. அவள் எழுந்து மறுபடியும் கதவுக்குப் போகப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, உடம்பைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டிச் சாவியைப் பிடுங்கித் திராட்சைப் பந்தலுக்குள் வீசி எறிந்தேன்.

"பாவி! எதுக்குடி தடுக்குற? உனக்கென்ன வந்துச்சு?" என்று என் தோளில் அடித்தாள். ஓங்கி ஓங்கி அடித்தாள். நான் ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன்.

சாய்ப்பிலிருந்த மெயினை இழுத்து அமத்தினேன். கம்ப்ரசர் நின்றது. அதோடு விட்டால் போதாது, டேங்கு நிறையக் காற்று இருக்கிறது. கரண்ட அமத்திட்டோம்னு நம்பக் கூடாது. டேங்குக்கு அடியில் கையை விட்டு வால்வைத் திறந்தேன். உஸ்ஸ் என்று காற்று வெளியேறத் தொடங்கியது. தரையில் புழுதியும் துரு கலந்த தண்ணீரும் பறந்தன. அது சட்டென்று முடிகிற காரியம் இல்லை. நான் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன்.

மதினி வந்தாள். இப்போது அவள் அடிக்கவில்லை. சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூடுடி அத. இன்னொரு தடவ கேட்டுக்கிறேன். ஒரே ஒரு தடவ."

நான் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. காற்று குறையக் குறைய உஸ்ஸென்ற சத்தம் மெலிந்தது. உள்ளே ஒருமுறை, பாதி பலத்தில், டொக் என்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மதினி சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"போகச் சொல்லிட்டேல்ல," என்றாள்.

தோட்டக்காரர் பந்தலுக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கிட்டே வரவில்லை. சாவியைத் தேடி எடுத்து, வண்டித்தடத்தில் வைத்துவிட்டு, "அங்கன வச்சிருக்கேந்தா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒதுங்கி நின்றுதான் கதவைத் திறந்தேன். மெயின் அமந்ததால் சிவப்பு பல்பும் அணைந்திருந்தது. சந்தனமும் ஊதுபத்தியும் சேர்ந்த வாசனை அடைந்து கிடந்தது. பொரி தரை முழுக்கச் சிதறியிருந்தது. கன் பலகையில் வைத்தபடியே, மாலையும் பொட்டுமாக இருந்தது. முதலில் போய் ஹோஸைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். தரையில் சில ஆணிகள் கிடந்தன. பிறகுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

மூன்று ஆணிகள் பாய்ந்திருந்தன. இரண்டு பக்கத்தில் பக்கத்தில். ஒரு சாண் தள்ளி இன்னொன்று.

மதினி உள்ளே வந்தாள். கதவுக்கு எதிரே போய் நின்று பார்த்தாள். பிறகு இன்னும் நெருங்கி நின்றாள். அந்த இரண்டு ஆணியும் சரியாக அவள் நெஞ்சு உயரத்தில் இருந்தன.

"நாந்தான் மதினி. எல்லாம் நான் செஞ்சது," என்று கொட்டித் தீர்த்தேன். வாழைநார் காய்ந்து சுருங்கி டிரிகரை இழுத்திருக்கிறது, சந்தனம் இறுகி மூக்கு பாதியில் சிக்கி நிற்கிறது, பொரி தின்ன வந்த அணில் உலுக்கினாலும் கம்ப்ரசர் அதிர்ந்தாலும் மூக்கு நகர்ந்து ஆணி பாய்கிறது, எல்லாம் என் முட்டாள்தனம், அவ்வளவுதான் விஷயம் என்று அழுதுகொண்டே சொன்னேன். பின்னால் தேனியிலிருந்து வந்த மெக்கானிக்கும் அதைத்தான் சொன்னார். அப்படி நடக்கும் என்றார்.

மதினி கேட்டுக்கொண்டாள். அந்த ஆணித்தலைகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கூப்புடுறாகன்னு நெனச்சேன்," என்றாள் கடைசியில். "கதவ அடைச்சில்ல ஆணி அடிச்சிருக்காக. வராதன்னு சொல்லிருக்காக."

எதற்கும் மல்லுக்கு நிற்கிற நான் அதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அன்று மதியம் அவள் தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள். அந்த வாரமே பெட்டி அடுக்க வந்துவிட்டாள். இப்போதெல்லாம் பாதி நாள் கன்னை அவளே பிடிக்கிறாள். ஒன்று அடித்து நிறுத்தி, யோசித்து, அடுத்தது. அவள் அடி யாருடையதைப் போலவும் இல்லை. அந்த மூன்று ஆணிகளை மட்டும் நாங்கள் பிடுங்கவில்லை.

இப்போதும் பூசை போடுகிறோம். கன் காலியாக இருக்கும். சந்தனம் கைப்பிடியில் மட்டும், மாலை பலகைக்கு மட்டும். டேங்கைத் திறந்து காற்றை எல்லாம் விட்டு, மெயினை அமத்தி, கன்னைச் சுவரைப் பார்த்து வைக்கிறேன். ஹோஸைக் கொக்கியில்கூட விடுவதில்லை. சுருட்டி வீட்டுக்கே எடுத்து வந்துவிடுகிறேன். மறுநாள் சாயங்காலம் வரை அது என் பக்கத்திலேயே இருக்கும்.

போன வருடம் பூசைக்கு மறுநாள், உச்சி வேளையில், நானும் மதினியும் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். ஹோஸ் என் மடியில் இருந்தது. தெருவில் யாரும் இல்லை. மதினி உரிப்பதை நிறுத்திவிட்டு, ஷெட் இருக்கும் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"உனக்கு ஏதும் கேக்குதாடி?"

எனக்குக் கேட்டது. இரண்டு. பெட்டியைத் திருப்பும் நேரம். ஒன்று.

அந்தச் சத்தத்துக்கு இந்த முறை அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"பக்கத்துத் தோட்டத்துல பந்தலுக்குக் கம்பி அடிக்கிறாக," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்து மொச்சையை உரிக்கத் தொடங்கினாள். மடியிலிருந்த ஹோஸை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.